கப்பல் காலத்தில் உறவுகள் எப்படித் தாங்கின, எப்போது அறுந்தன?

பழங்கணக்கு:

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, சிங்கப்பூர். சென்னையிலிருந்து ரங்கூன். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார். இந்த மூன்று வழிகளிலும் லட்சக்கணக்கில் நம் மக்கள் போய் வந்திருக்கிறார்கள். தோட்டத்தில் என்ன வேலை, என்ன கூலி, யார் ஏமாற்றினார்கள் என்பதை இங்கே நிறையப் பேசியாயிற்று. ஊரில் நின்றவர்களுக்கும் போனவர்களுக்கும் நடுவே இருந்த உறவைப் பற்றி அவ்வளவாகப் பேசியதில்லை. அதற்காகவே இந்த இழை.

என் எண்ணத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். கப்பல் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தவரை, கையில் டிக்கெட்டுக்குக் காசு இருந்தால் ஏறலாம் என்ற நிலை இருந்தவரை, உறவு தாங்கியது. மூன்று வருடம், ஐந்து வருடம் முகம் பார்க்காமல் இருந்தும் தாங்கியது. அது பெருமளவில் அறுந்தது இரண்டே தருணங்களில். ஒன்று, 1941 டிசம்பரில் போர் வந்து கப்பலும் தபாலும் நின்றபோது. இன்னொன்று, குடியுரிமை, பர்மிட் என்று காகிதங்கள் வந்தபோது. கடலின் அகலம் அன்றும் இன்றும் ஒன்றுதான். ஆனால் குற்றத்தை நாம் எப்போதும் தூரத்தின் மேலேயே போடுகிறோம்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள். வீட்டில் கேட்ட கதைகளும் வரட்டும்.

முகப்பு:

நகரத்தார் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்களில் 'கொண்டுவிக்க', அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போவதற்கு ஒரு கணக்கு உண்டு, மூன்று வருடம். ரங்கூனோ பினாங்கோ சைகோனோ, கடைக்கு ஏஜெண்டாகப் போகிறவர் மூன்று வருடக் கணக்கு முடித்து, அடுத்து வருகிறவரிடம் பெட்டியை ஒப்படைத்துவிட்டுத்தான் திரும்புவார். சம்பளத்தில் ஒரு பகுதியைப் புறப்படும்போதே வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். திரும்பி வந்தால் ஊரில் நீண்ட ஓய்வு, அப்புறம் அடுத்த கணக்கு. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் எல்லோரும் கிட்டங்கியில், அதாவது தொழிலும் தங்கலும் சேர்ந்த கட்டடத்தில், ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். ஆளுக்கு ஒரு கைப்பெட்டி, ஒரு பாய், ஒரே அடுப்பில் சாப்பாடு. பெண்களை அழைத்துப் போவது பெரும்பாலும் கிடையாது.

பழங்கணக்கு சொல்வது எங்கள் குடும்ப அனுபவத்தோடு பொருந்துகிறது. பிரிவுக்கு ஒரு முடிவு தேதி இருந்தது. என் அப்பத்தா காலத்தில் யாரும் "எப்போது வருவார்?" என்று கேட்டதில்லை, "கணக்கு எப்போது முடிகிறது?" என்றுதான் கேட்பார்களாம். குழந்தை பிறந்தது கடிதத்தில் போகும், பெயர் கடிதத்தில் வரும். வந்து இறங்கும் அப்பாவைப் பார்த்துப் பிள்ளை பயந்து ஓடுவது எல்லா வீட்டிலும் நடந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பெரிய வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் பர்மா தேக்குத் தூணைத் தடவிப் பார்த்துவிட்டு, ஐயாக்களின் சாமர்த்தியத்தை மெச்சுகிறார்கள். வட்டி வரவு, நில வரவு, மகள் கல்யாணம், மாமியார் சாவு என்று எல்லாவற்றையும் தாங்கி அந்த வீட்டை நடத்தியவர்கள் ஆச்சிகள், எங்கள் வீட்டுப் பெண்கள். உறவு எப்படித் தாங்கியது என்று கேட்டால் என் பதில் அதுதான். ஒரு பக்கம் அசையாமல் நின்றது, அதனால் மறுபக்கம் போய் வர முடிந்தது.

ஏட்டுச்சுவடி:

"முந்நீர் வழக்கம் மகடூஉவொடு இல்லை" என்று தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. கடல் கடந்து போகும்போது பெண்ணை உடன் கொண்டு செல்வதில்லை என்று இதற்குப் பொருள் கொள்கிறார்கள். உரையாசிரியர்களிடையே வேறுபாடு உண்டு, அதற்குள் இப்போது போக வேண்டாம். பொருள் தேடப் போனவனும் வீட்டில் காத்திருப்பவளும் நம் இலக்கியத்துக்கு மிகப் பழைய ஆட்கள் என்பதற்காக மட்டும் சொன்னேன்.

தேயிலைக்காடு:

பழங்கணக்கு ஐயா, முகப்பு சொன்ன கணக்கு வட்டிக்கடைக்காரர்களுக்குச் சரி. இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களுக்குப் போன எங்கள் ஆட்களுக்கு அந்தக் கதை பொருந்தாது. எங்களுக்கு முடிவு தேதி இருந்ததில்லை, கடன்தான் இருந்தது.

முதலில் ஒன்று. இலங்கையில் காப்பி இருந்தபோது ஆட்கள் போய் வந்தார்கள். காப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில்தான் ஆள் நிறைய வேண்டும். மன்னார் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரை நடப்பார்கள், பருவம் முடிந்ததும் ஊர் திரும்பி விடுவார்கள். போனவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அந்த நடையில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் செத்தவர்கள் ஏராளம். 1869-இல் இலைநோய் வந்து பதினைந்து இருபது வருடத்தில் காப்பி அழிந்தது, தேயிலை வந்தது. தேயிலைக்கு வருடம் முழுக்கக் கொழுந்து பறிக்க வேண்டும், அதற்குப் பெண்கள் வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாகப் போனார்கள். எங்கள் குடும்பங்களின் வடிவத்தையே ஒரு செடி மாற்றிவிட்டது என்பது என் கருத்து. காப்பி நின்றிருந்தால் நாங்களும் ஊருக்கும் மலைக்குமாகப் போய் வரும் ஆட்களாகவே இருந்திருப்போம்.

இரண்டாவது, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி. அவர் வெளியாள் இல்லை. தன் ஊரில், தன் சொந்தத்தில்தான் ஆள் பிடிப்பார். மாமன், மச்சான், பங்காளி என்று ஒரு தெருவே அவர் பின்னால் வந்து ஒரே லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், குடியேறும். வழிச்செலவும் முன்பணமும் கடனாக ஏறும், 'துண்டு' என்ற சீட்டில் அந்தக் கடன் எழுதியிருக்கும். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் அந்தத் துண்டைப் புதிய தோட்டம் தீர்க்க வேண்டும். கடன் இருக்கும்போது ஊரில் தாய் செத்தாலும் போக முடியாது. சொந்தக்காரனிடமே கடன்பட்டவன் எங்கே ஓடுவான்? அப்படி ஓடினால் ஊரில் இருக்கும் தன் வீட்டுக்காரர்கள் தலை குனிய வேண்டும். அதாவது உறவையே பூட்டாகப் பயன்படுத்தினார்கள். கப்பல் ஓடியது, ஆனால் எங்களுக்கு ஓடவில்லை.

நாகூர்க்கரை:

நான் கடற்கரைப் பக்கம். கப்பல் வருகிற நாள் எங்கள் ஊர்களுக்கு எப்படி இருந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன், மற்றதைப் பெரியவர்கள் பேசுங்கள்.

ரஜூலா என்ற பெயரைக் கேட்காத வீடு எங்கள் பக்கம் இருக்காது. 1926-இல் கட்டிய கப்பல். சென்னையில் ஏற்றிக்கொண்டு நாகப்பட்டினம் வந்து, பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்று 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. நடுவில் போர்க்காலத்தில் படையினரை ஏற்றியது. ஆரம்பத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்ற கப்பல் அது. தளப் பயணி என்றால் அறை கிடையாது, படுக்கை கிடையாது. பாயை விரித்த இடம்தான் வீடு. ஏறக்குறைய ஒரு வாரத்துக்கு அந்தப் பாய்தான் எல்லாம்.

நாகையில் கப்பல் கரைக்கு வராது. ஆழம் இல்லாததால் தொலைவில் நங்கூரம் போட்டுவிடும். படகில் ஏற்றிக்கொண்டு போய், அலையில் படகு ஏறி இறங்கும்போது சமயம் பார்த்து ஏணியைப் பிடிக்க வேண்டும். வயதானவர்களையும் குழந்தைகளையும் தூக்கித்தான் கொடுப்பார்கள். வழியனுப்ப வந்தவர்கள் கரையில் நின்றபடி, எந்தப் படகில் தங்கள் ஆள் இருக்கிறார் என்று தேடிக்கொண்டே இருப்பார்கள். அதற்கு முன் தர்காவில் நேர்ந்துகொண்டு போவது எல்லா மதத்தாருக்கும் வழக்கம். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூர் ஆண்டவர் பெயரில் நினைவிடங்கள் எழும்பியது அந்தப் பயணிகளால்தான். சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் இருப்பது 1830-ஐ ஒட்டிக் கட்டியது. அன்று கடல் அந்தத் தெருவின் வாசல் வரை இருந்தது. இறங்கியவுடன் முதல் வேலை நன்றி சொல்வது.

கப்பலில் போகிறவர் தனக்காக மட்டும் போனதில்லை என்பதை முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். "இன்னார் பயணம் போகிறார்" என்று தெரிந்தால் சுற்று வட்டாரத்து ஆட்கள் எல்லாம் வீட்டுக்கு வருவார்கள். கருவாடு, ஊறுகாய், வேட்டி, மருந்து, பிள்ளையின் பள்ளிக்கூட மார்க், திருமண ஓலை. எதுவும் இல்லாதவர் வாயால் சொல்லி அனுப்புவார்: "பெரியவனைப் பார்த்தால் அவன் உம்மாவுக்குக் கண் தெரியவில்லை என்று சொல்லுங்கள்." அங்கே இறங்கியவர் ஒவ்வொரு கடையாகப் போய் ஒப்படைப்பார். திரும்பும்போது அதே மாதிரி அங்கிருந்து சேலை, சென்ட், பணம். பணத்துக்குச் சீட்டு ஏதும் கிடையாது. எங்கள் வாப்பா இந்த வேலையைத் தன் கடைசிக் காலம் வரை கடமை என்றே செய்தார்.

ரஜூலாவுக்குப் பின் சிதம்பரம் கப்பல் ஓடியது. 1985 பிப்ரவரியில் அதில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள், அத்தோடு அந்த வழியே முடிந்தது.

புதுப்பாலம்:

அருமையான இழை. வயதில் சின்னவன், ஒரு கேள்வி மட்டும். ஊரிலேயே நின்றுவிட்ட பெண்களைப் பற்றி எழுதும்போது "தாங்கினார்கள்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அவர்களுக்கு அது எப்படி இருந்தது? போன இடத்தில் ஆண்கள் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டதும் உண்டுதானே?

மருதாணி:

தம்பி, கேட்டதற்கு நன்றி. ஆம், உண்டு. பர்மாவிலும் மலாயாவிலும் நிறையவே உண்டு. ஊருக்குத் தெரியும், மனைவிக்கும் தெரியும், ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். மணியார்டர் குறைய ஆரம்பித்தால் புரிந்துகொள்வார்கள். அந்தப் பணத்தாளின் கீழே எழுதுகிற இரண்டு வரிதான் கணவனின் குரல். எழுதப் படிக்கத் தெரியாத பெண் அதையும் தபால்காரரிடம் கொடுத்துத்தான் கேட்க வேண்டும். அவள் பதில் எழுதுவதென்றால் வாத்தியாரையோ பள்ளிக்கூடம் போகும் பையனையோ பிடிக்க வேண்டும். தன் மனதில் இருப்பதை அடுத்த வீட்டுப் பையனிடம் எப்படிச் சொல்வாள்? அதனால்தான் அந்தக் காலத்துக் கடிதங்கள் எல்லாம் "இங்கு யாவரும் நலம், அங்கு நலமறிய ஆவல்" என்று ஒரே மாதிரி இருக்கின்றன. அவர்களுக்கு உணர்ச்சி இல்லாமல் இல்லை, எழுதுகிற கை வேறொருவருடையது. நல்ல செய்தி என்றால் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கும். சாவுச் செய்தி என்றால் படித்ததும் கிழித்துப் போட்டுவிடுவார்கள். அதனால் நம்மிடம் மிஞ்சியிருக்கும் கடிதக் கட்டுகளில் கல்யாணங்கள் இருக்கின்றன, மரணங்கள் பெரும்பாலும் இல்லை.

பழங்கணக்கு போர்க்காலத்தைச் சொன்னார். அதை நான் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பாட்டி அதற்குள் வாழ்ந்தவர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. அன்றிலிருந்து 1945 வரை மலாயாவிலிருந்து ஊருக்குக் கடிதம் இல்லை, பணம் இல்லை. தோட்டத்து ஆண்களில் பல்லாயிரம் பேரை ஜப்பானியர் சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள், காலராவிலும் பட்டினியிலும் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். அந்த ஆசியத் தொழிலாளர்களுக்கு ஒழுங்கான பெயர்ப்பட்டியல் வைக்கப்படவில்லை. சாவைச் சொல்ல ஆளும் இல்லை, தாளும் இல்லை.

இங்கே பெண்ணின் நிலை என்ன? தாலி கழுத்தில் இருக்கிறது. அவர் இருக்கிறாரா இல்லையா தெரியாது. பூ வைத்தால் ஒருத்தி பேசுவாள், வைக்காவிட்டால் மாமியார் பேசுவாள். போர் முடிந்து முதல் கப்பல்கள் வந்தபோது நாகைக்குப் போய்க் கரையில் நின்று, இறங்குகிற ஒவ்வொருவரிடமும் தோட்டத்துப் பெயரைச் சொல்லி விசாரித்தார்கள். யாரோ ஒருவர் "பார்த்த ஞாபகம், ரயிலுக்குக் கொண்டுபோனார்கள்" என்று சொன்னதை வைத்து எங்கள் பாட்டிக்குச் சடங்கு செய்தார்கள். ஆனால் அவர் அதை முழுதாக நம்பவில்லை. வாசலில் புது ஆள் குரல் கேட்டால் எட்டிப் பார்ப்பதைக் கடைசிவரை விடவில்லை.

பழங்கணக்கு:

மருதாணி அம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. நான் "கப்பலும் தபாலும் நின்றபோது" என்று மூன்று சொல்லில் கடந்துபோனதை நீங்கள் கண்முன்னால் நிறுத்திவிட்டீர்கள்.

தேயிலைக்காட்டுக்கு ஒரு பதில். கடன் என்ற பூட்டை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் அதுவும் தூரம் இல்லையே. கடனைத் தீர்த்தவர்கள் வந்தார்கள். பாம்பன் பாலம் 1914-இல் திறந்தபின் எழும்பூரில் போட் மெயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் ஏறிக் கொழும்பு வரை ஒரே டிக்கெட்டில் போக முடிந்தது. குலதெய்வக் கும்பிடுக்கும் பெண் எடுக்கவும் மலைநாட்டிலிருந்து திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கம் ஆட்கள் வந்திருக்கிறார்கள்.

தேயிலைக்காடு:

வந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் யார் வந்தார்கள் என்று பாருங்கள். கங்காணி வந்தார், கணக்கப்பிள்ளை வந்தார். கொழுந்து பறித்தவள் வந்தது அபூர்வம். வந்தவர்களும் திரும்பும்போது மண்டபம் முகாமில் நாள்கணக்கில் அடைந்து, மருந்தடித்து, அம்மை குத்தி, அதன் பிறகுதான் கப்பல் ஏறினார்கள். போட் மெயிலில் முதல் வகுப்பில் போன துரைக்கு அந்த முகாம் இல்லை. ஒரே கடல், ஒரே கப்பல், ஆளுக்கு ஒரு தூரம். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

ஆனால் காகிதம் அறுத்தது என்ற உங்கள் பேச்சுக்கு எங்களைவிடப் பெரிய சாட்சி யாரும் இல்லை. 1948 சட்டத்தில் நாடற்றவர்களானோம். 1964 அக்டோபரில் இரண்டு பிரதமர்களும் கையெழுத்துப் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. எங்களில் யாரையும் கேட்கவில்லை. அண்ணன் இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்திருப்பான், தம்பி இலங்கைக்கு. கல்யாணமான மகள் புருஷன் பக்கம். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் (அறையில்) இருந்தவர்கள் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனார்கள்.

அந்த டிசம்பரிலேயே புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. அப்புறம் கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடியது. கோச்சி (எங்கள் பேச்சில் ரயில்) புறப்படும்போது மேடையில் எழுந்த அழுகையை என் அப்பாயி பாட்டாகவே பாடுவார், சாவு வீட்டுப் பாட்டு. உயிரோடு இருக்கிறவர்களுக்கு ஒப்பாரி. இங்கே வந்தவர்களில் ஒரு பகுதிக்குக் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. சொந்த ஊருக்கு என்று போனவர்களை அந்த ஊர் அடையாளம் தெரிந்துகொள்ளவில்லை, "சிலோன்காரர்கள்" என்று தனித் தெருவில் வைத்தது. மூன்று தலைமுறை கழித்துச் சொந்தம் என்று வந்து நின்றால் பங்காளிக்கு முதலில் தோன்றுவது நிலத்தில் பங்கு கேட்பானோ என்பதுதான்.

எல்லைக்காரன்:

பர்மாவை யாரும் இன்னும் சரியாகத் தொடவில்லை. 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் குண்டு போட்டது. கப்பலில் இடம் பிடிக்க முடிந்தவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் நடந்தார்கள். அரக்கான் மலை தாண்டிச் சிட்டகாங் பக்கம், இல்லையென்றால் பர்மாவின் எல்லை ஊரான தாமு வழியாக மணிப்பூர். பர்மாவை விட்டு வெளியேறியவர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல், வழியில் இறந்தவர்கள் பல்லாயிரம். மழையும் சேறும் மலேரியாவும். நடக்க முடியாத தாயை மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு வந்தவர்கள் ஊர் வந்து சேர்ந்தபின் அதை யாரிடமும் சொன்னதில்லை.

போருக்குப் பின் ஒரு கூட்டம் திரும்பவும் பர்மாவுக்கே போனது. 1963, 64-இல் கடைகளை எல்லாம் பர்மா அரசு எடுத்துக்கொண்டு, ஐம்பது, நூறு கியாட் நோட்டுகளையும் செல்லாது என்று அறிவித்தது. வெறுங்கையோடு கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். அப்படிச் சென்னை வந்தவர்களில் சிலருக்கு இங்கே ஒட்டவில்லை, பிறந்த ஊர் ரங்கூன் பக்கம்தானே. தரை வழியாகத் திரும்பிப் போகப் பார்த்தார்கள், எல்லையில் விடவில்லை. முன்னும் போகாமல் பின்னும் வராமல் மணிப்பூர் மோரேயில் அப்படியே தங்கிவிட்டார்கள். இன்றும் அங்கே தமிழ்க் கோவிலும் தமிழ்ச் சங்கமும் இருக்கின்றன. பழங்கணக்கு சொல்வதற்கு மோரேயைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அந்த எல்லைக்கு அப்பால் சில கிலோமீட்டரில் தாமு.

வேர்தேடி:

வணக்கம். எங்கள் பாட்டனார் வழி தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கூலியாகப் போனவர்கள். முதல் கப்பல் 1860-இல் சென்னையிலிருந்து டர்பன் போனது, 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆட்கள், அதில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். ஐந்து வருட ஒப்பந்தம். அங்கிருந்து ஊரோடு கடிதப் போக்குவரத்து மிகக் குறைவு, நாங்கள் இரண்டு தலைமுறையிலேயே தொடர்பு விட்டுப்போனவர்கள். கப்பல் பட்டியலில் கொள்ளுத்தாத்தாவின் பெயர் கிடைத்தது. வட ஆர்க்காடு ஜில்லா என்று இருக்கிறது. ஊர்ப்பெயர் ஏதோ எழுதியிருக்கிறது, வேலூர், ஆரணிப் பக்கம் எல்லாம் கேட்டுவிட்டேன், அப்படி ஓர் ஊர் இல்லை என்கிறார்கள். இனி எப்படித் தேடுவது?

ஏட்டுச்சுவடி:

ஐயா, இரண்டு விஷயம் பாருங்கள். முதலாவது, அன்றைய வட ஆர்க்காடு ஜில்லா இன்றைய வேலூர், திருவண்ணாமலையோடு முடியாது. சித்தூர் 1911 வரை அதில்தான் இருந்தது. ஆகவே உங்கள் ஊர் இன்று ஆந்திரத்தில் இருக்கலாம். கொள்ளுத்தாத்தா வீட்டில் தெலுங்கும் பேசியிருந்தால் அந்தப் பக்கமே முதலில் தேடுங்கள். இதே மாதிரி கரூரும் 1910 வரை கோயம்புத்தூர் ஜில்லா, பிறகுதான் திருச்சி. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் உதவும்.

இரண்டாவது, ஊர்ப்பெயரைவிடத் தாலுகாவை நம்புங்கள். பட்டியலில் ஜில்லா, தாலுகா, ஊர், தகப்பன் பெயர், வயது, சாதி, உடல் அடையாளம் என்று தனித்தனிக் கட்டம் இருக்கும். ஊர்ப்பெயரை எழுத்தர் தன் காதுக்குப் பட்டபடி எழுதியிருப்பார். புதூர், நல்லூர் மாதிரிப் பெயர்கள் தாலுகாவுக்கு நாலு இருக்கும். அந்தப் பக்கத்தின் படத்தை இங்கே போடுங்கள், தாலுகா கட்டம் தெளிவாகத் தெரிகிற மாதிரி. அதே கப்பலில் அடுத்தடுத்த எண்ணில் வந்தவர்களின் ஊரையும் சேர்த்துப் போடுங்கள். ஒரே ஊர்க்காரர்கள் பெரும்பாலும் ஒன்றாகவே பதிந்திருப்பார்கள். அவர்களில் ஒருவருடைய ஊர்ப்பெயராவது சரியாக எழுதியிருக்கும்.

வேர்தேடி:

அடுத்தடுத்த எண்களைப் பார்க்கத் தோன்றவே இல்லை. வீட்டில் பெரியவர்கள் பேசியதில் தெலுங்குச் சொற்கள் உண்டு என்று அத்தை சொல்லியிருக்கிறார். பக்கத்தைப் படம் எடுத்து நாளை போடுகிறேன்.